ஈரமில்லாத தரை

விடிந்ததிலிருந்து அவள் தெருவின் பொதுக் கழிப்பறையில் கடைசி அறையின் மூலையில் குந்தியபடி ஒரு கறையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஆசிட் ஊற்றிப் பார்த்தாயிற்று. சோப்புத்தூள் போட்டு ஊறவைத்தாயிற்று. பழைய பிளேடால் சுரண்டியும் பார்த்தாயிற்று. குழாய்த் தண்ணீரில் இருக்கும் இரும்பு வெள்ளை ஓட்டில் விட்டுப்போன பழுப்பு அது. விருந்தாளியாக வந்து வீட்டுக்காரனாகிவிட்ட கறை. இனிமேலும் தேய்த்தால் ஓடுதான் பெயரும் என்று விட்டுவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். முழங்கால் தன்னுடையதுதானா என்று சந்தேகமாக இருந்தது.

வெளியே இரும்புக் கதவை யாரோ விரலால் தட்டினார்கள்.

"அக்கா."

"பூட்டியிருக்கு."

"பூட்டியிருக்குன்னு தெரியுது. திறக்கத்தானே கூப்பிடுறேன்."

பழைய பேப்பர்காரரின் மனைவி. கையில் வாளியோடு நிற்பாள் என்பது பார்க்காமலே தெரியும்.

"நேத்தே சொன்னேன்ல. இன்னைக்குப் பார்வையிட வர்றாங்க. அவங்க போனப்புறம்தான் திறப்பேன். அதுவரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்க."

"நான் பொறுத்துக்குவேன். என் வயிறு பொறுக்கணுமே. அதுகிட்ட நீயே வந்து பேசு."

"சந்தைப் பக்கம் ஒண்ணு இருக்குல்ல. காசு குடுத்தா விடுவான்."

"அங்க போய்ச் சேர்றதுக்குள்ள அவசரமே தீர்ந்துடும், வழியிலயே." வாளியின் கைப்பிடி கணகணவென்று ஆட, திட்டிக்கொண்டே போனாள். திட்டில் பாதி சிரிப்பு இருந்ததால் இவளுக்கு உறைக்கவில்லை.

சாவி இவள் இடுப்பில் இருப்பதால் தெருவில் இவளுக்குச் சாவியக்கா என்று பேர். இவளைவிட மூத்தவர்களும் அக்கா என்றே கூப்பிட்டார்கள். புருஷன்கூட ஒருநாள் வாய்தவறி அப்படிக் கூப்பிட்டுவிட்டு, தெருவே கேலிசெய்ய, கொஞ்ச நாள் வெளியே தலைகாட்டாமல் இருந்தான்.

பெண்களுக்கு நான்கு கதவு, ஆண்களுக்கு மூன்று, நடுவில் ஒரு தண்ணீர்த் தொட்டி, கைகழுவ ஒரு நீளமான மேடை. இதைக் கட்டிக் கொடுக்க வெளியிலிருந்து பணம் எளிதாகவே வந்தது. கட்டுவதற்குப் பணம் தருகிறவர்களுக்குச் சுவரில் கல் வைத்துப் பெயர் போடலாம். மோட்டாருக்கும், செப்டிக் டேங்க் லாரிக்கும், சோப்புக்கும், கரண்டுக்கும் தருகிற பணத்துக்குக் கல் எங்கே வைப்பது? அதை வருஷாவருஷம் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. தெருவில் வீட்டுக்கு வீடு மாதம் ஏதோ போட்டார்கள். சாவியக்காவின் சம்பளத்துக்கு அது சரியாகப் போனது. மற்றதெல்லாம் வெளியிலிருந்து வருகிற அந்தப் பணத்தில்தான் ஓடியது.

ஒரு மழைக்காலம் அது வராமல் நின்றுபோனது. லாரியைக் கூப்பிடக் காசில்லை, செப்டிக் டேங்க் நிரம்பிப் பின்பக்கம் வழிந்தது, நகராட்சிக்காரர்கள் வந்து கதவில் பலகை அடித்துவிட்டுப் போனார்கள். பெண்கள் மறுபடி இருட்டோடு இருட்டாகக் கிடங்குச் சுவருக்குப் பின்னால் போனார்கள். அங்கே நிற்கும் லாரிகளில் படுத்திருக்கும் டிரைவர்கள், காலடிச் சத்தம் கேட்டதும் விளக்கைப் போட்டுவிடுவார்கள். எழுந்து ஓடவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் முகத்தை மட்டும் முந்தானையால் மூடிக்கொண்டு இருந்ததைப் பற்றி யாரும் வெளியே பேசியதில்லை. அந்த மழையில்தான் வயிற்றுப்போக்கு தெருவில் வீடுவீடாக நுழைந்தது. சாவியக்காவின் சின்ன மகள் கையில் ஊசி குத்தியபடி ஆஸ்பத்திரித் தரையில் கிடந்தாள். பிழைத்ததே பெரிய காரியம்.

அதற்கப்புறம் பணம் திரும்ப வந்தது. ஆனால் போன முறை பணம் தருகிறவர்களிடமிருந்து பார்வையிட வந்தவர்கள் தரையில் சேற்றுக் கால்தடத்தையும் உடைந்த குவளையையும் பார்த்தார்கள். பராமரிப்பு போதவில்லை என்று எழுதிவிட்டுப் போனார்கள். பணம் பாதியாகிவிட்டது. இந்த முறையும் அப்படி ஏதாவது எழுதினால் மிச்சப் பாதியும் போகும். அதனால்தான் நேற்று சாயங்காலத்திலிருந்து பூட்டு. ஒரு கால்தடம் இருக்கக் கூடாது, ஒரு சொட்டு ஈரம் இருக்கக் கூடாது என்று தெரு முழுக்கக் கூடிப் பேசி எடுத்த முடிவு. ஆண்கள் உடனே சரி என்றார்கள். அவர்களுக்கென்ன, ஊரெல்லாம் சுவர் இருக்கிறது. பெண்கள் நேற்று ராத்திரி தண்ணீர் குடிப்பதை நிறுத்திக்கொண்டார்கள்.

காலையில் தையல் கம்பெனிக்குக் கிளம்பிய நாத்தனார் இங்கே நின்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போனாள். புருஷனுக்கு இளையவள், நாக்கு மட்டும் எல்லோருக்கும் மூத்தது.

"அண்ணி, கம்பெனியில ஒரு தடவை எழுந்தா முறைக்கிறான். ரெண்டாம் தடவை எழுந்தா கூலியில பிடிக்கிறான். நான் சாயங்காலம் வரும்போது இது திறந்திருக்கணும். இல்லேன்னா உன் வீட்டு வாசப்படிதான், சொல்லிட்டேன்."

"வா, வா. அதையும் நான்தானே கழுவணும்."

"கார் நின்னுச்சுன்னா?"

"நின்னுச்சுன்னா தெருமுனையிலயே நில்லுங்க. கூட்டமா வந்து விழுந்துடாதீங்க. காரியம் கெட்டுடும்."

வெயில் ஏறியதும் மேற்பார்வையாளர் வந்தார். இந்த மாதிரிக் கட்டடங்கள் நான்கைந்தை ஒரு சைக்கிளில் சுற்றிப் பார்த்துக்கொள்கிறவர். அவருடைய சம்பளமும் அதே பணத்தில்தான் வந்தது என்பதால், வரும்போதே முகம் வெளுத்திருந்தது. பையிலிருந்து புதுச் சோப்புகளை எடுத்து, கைகழுவும் மேடையில் அளவு பார்த்து வைத்தார். தன் கைக்குட்டையால் குழாய்களைத் துடைத்தார். குவளைகளை நிறம் பார்த்து வரிசையாக அடுக்கினார்.

"பொண்ணு பாக்க வர்ற மாதிரி இருக்கு சார்" என்றாள் சாவியக்கா.

"சிரிக்காதம்மா. போன தடவை வாங்கின அடி எனக்குத்தான் தெரியும். சோப்பை யாரும் தொடலையே?"

"நீங்க இப்பத்தானே வெச்சீங்க."

"சரி, சரி. இனிமேலும் தொடக் கூடாது."

காலையில் வருகிறோம் என்றவர்கள் மத்தியானமும் வரவில்லை. சாவியக்கா படியில் உட்கார்ந்து, ஈ வந்து உட்காராமல் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தெருவில் ஒரு வாளிச் சத்தமும் இல்லை. இந்த நேரத்தில் இந்தத் தெரு இத்தனை அமைதியாக இருந்து அவள் பார்த்ததில்லை. ஆளாளுக்கு வீட்டுக்குள்ளே ஒருக்களித்துப் படுத்துக் கிடப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

நிழல் நீண்ட பிறகுதான் கார் வந்தது. கண்ணாடி போட்ட, நரை ஓடிய ஓர் அம்மாள் இறங்கினார். பின்னாலேயே கழுத்தில் கேமரா தொங்க ஓர் இளைஞர். அந்த அம்மாள் இறங்கியதும் ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அசையாமல் நின்றார். காலையிலிருந்து காரிலேயே கிடந்த களைப்பு என்று சாவியக்கா நினைத்தாள்.

உள்ளே போனார்கள். அந்த அம்மாள் ஒவ்வொரு கதவாகத் திறந்து பார்த்தார். தரையைப் பார்த்தார். குனிந்து விரலால் தொட்டும் பார்த்தார். இளைஞர் ஒரு சோப்பைக் கையில் எடுத்தார். அதில் அழுத்தியிருந்த எழுத்து ஓரம்கூடத் தேயாமல் இருந்தது. குழாயைத் திறந்தார். அடைத்தே கிடந்த குழாய் முதலில் காற்றாக இருமிவிட்டு அப்புறம்தான் தண்ணீர் விட்டது.

"ரொம்பச் சுத்தமா இருக்கு" என்றார் அந்த அம்மாள். குரலில் சந்தோஷம் இல்லை.

"எப்பவுமே இப்படித்தான் மேடம்" என்றார் மேற்பார்வையாளர். அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஒரு சொட்டுத் தண்ணி தரையில பார்க்க முடியாது."

"அதான் கேக்கறேன். கடைசியா யாரு எப்ப இங்க வந்தாங்க?"

மேற்பார்வையாளர் ஏற்கெனவே நேராக இருந்த குவளை ஒன்றை இன்னும் நேராக்கினார். இளைஞர் வெளியே எட்டிப் பார்த்தார். "தெருவில ஒருத்தரையும் காணோம் மேடம். குவளையெல்லாம் கடையில அடுக்கின மாதிரி இருக்கு. போன வாரம் பார்த்தோமே, அதே கதைதான்."

"இவ்வளவு வீடு இருக்கு. ஒரு ஆள்கூட இந்தப் பக்கம் வரலை" என்றார் அந்த அம்மாள். "பழக்கம் மாறலைன்னா கட்டடம் மட்டும் இருந்து என்ன பண்றது? வேற தெருவில கேட்டுட்டு நிக்கறாங்க. உபயோகப்படுத்தறவங்களுக்குத்தானே குடுக்கணும்."

சாவியக்காவுக்குக் கேட்டது புரிய ஒரு கணம் பிடித்தது. அழுக்கு என்று எழுதிவிடுவார்களோ என்றுதான் நேற்றிலிருந்து பயந்துகொண்டிருந்தாள். இப்படி ஒரு பயம் இருக்கிறது என்பதே தெருவில் ஒருத்தருக்கும் தோன்றவில்லையே.

"நாங்கதாம்மா பூட்டி வெச்சோம்" என்றாள்.

மேற்பார்வையாளர் இருமினார்.

"ஏன்?"

"போன தடவை அழுக்கா இருக்குன்னு பாதிப் பணத்தை நிறுத்திட்டாங்க. அதான் நேத்தே பூட்டிட்டோம். யாரையும் விடலை. எல்லாரும் அடக்கிக்கிட்டுத்தான் இருக்காங்க, வீட்டுல."

அந்த அம்மாள் அவளைப் பார்த்தார். கெட்ட பார்வை இல்லை. அலுத்துப்போன பார்வை. "எனக்கும் நம்பணும்னுதான் ஆசை. வர்ற வழியில ஒரு இடத்துல இதையேதான் சொன்னாங்க. கடைசிக் கதவைத் திறந்தா உள்ள சிமெண்ட் மூட்டை. யாரைக் கேட்டாலும் நாங்க தினமும் வர்றோம்னுதான் சொல்றாங்க. நான் பார்த்ததைத்தானே எழுத முடியும்?"

அவர் வெளியே நடந்தார். இளைஞர் கேமராவை எடுக்கவே இல்லை. மேற்பார்வையாளர் பின்னாலேயே ஓடியபடி, திரும்பிச் சாவியக்காவைப் பார்த்துப் பூட்டு என்று கையால் காட்டினார். காரியம் கெட்டாலும் தரை சுத்தமாக இருக்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ. பூட்டைக் கையில் எடுத்துக்கொண்டு அவள் வாசலுக்கு வந்தாள்.

அப்போதுதான் தெருமுனையைப் பார்த்தாள்.

தையல் கம்பெனி விட்டிருந்தது. இருபது முப்பது பெண்கள். காரைப் பார்த்துவிட்டுச் சொன்ன சொல் மீறாமல் அங்கேயே நின்றார்கள். நிறுத்தியிருந்த தள்ளுவண்டிக்குப் பின்னால் சிலர் மறைந்துகொண்டிருந்தார்கள். ஒருத்தி சுவரில் நெற்றியை வைத்து நின்றாள். இன்னொருத்தி ஒரு காலை மற்றொரு காலின் மேல் பின்னிக்கொண்டு, கூடையை வயிற்றோடு அணைத்திருந்தாள். நாத்தனார் தள்ளுவண்டியின் சக்கரத்தைப் பிடித்தபடி குந்தி, பல்லைக் கடித்துக்கொண்டு இவளையே பார்த்தாள்.

கார் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

"ஏண்டி" என்று கத்தினாள் சாவியக்கா. அவளுக்கு இப்படி ஒரு குரல் இருப்பது அவளுக்கே தெரியாது. "அங்க என்னடி நிக்கிறீங்க. ஓடியாங்க. திறந்துதான் இருக்கு."

"வேண்டாம்" என்றார் மேற்பார்வையாளர். "அம்மா, வேண்டாம். தரையெல்லாம் பாழாயிடும்."

"பாழாகட்டும் சார். கழுவப் போறது நான்தானே."

பெண்கள் நம்பவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நாத்தனார்தான் முதலில் எழுந்தாள். அவள் ஒரு அடி வைத்ததும் மற்றவர்கள் தடுப்பு உடைந்த மாதிரி வந்தார்கள். செருப்பு ஒரு பக்கம், பை ஒரு பக்கம். நடுவழியில் நின்ற அந்த அம்மாளை நாத்தனார் தோளைத் தொட்டு ஓரமாக்கினாள். "கொஞ்சம் நகருங்கம்மா, அப்புறம் பேசுவோம்."

நான்கு கதவும் ஒரே நேரத்தில் அடித்துச் சாத்திக்கொண்டன. அதற்கப்புறம் கேட்ட சத்தத்தை எழுதிக் காட்ட முடியாது. தண்ணீர் விழுந்தது, வாளி உருண்டது. உள்ளேயிருந்து ஒருத்தி "அப்பாடா" என்று இழுத்த இழுப்பில் வரிசையில் நின்றவர்களெல்லாம் சிரித்துவிட்டு, சிரித்ததற்காகவே மறுபடி காலைப் பின்னிக்கொண்டார்கள்.

"வேகமா வாடி. அங்கேயே குடித்தனம் வைக்கப் போறியா?"

"அவசரத்துல அண்டாவுக்குள்ளகூட கை நுழையாதாம். இங்க பாவாடை முடிச்சே அவிழ மாட்டேங்குது, நீ வேற."

சத்தம் கேட்டு வீடுகளிலிருந்தும் கிளம்பி வந்தார்கள். பழைய பேப்பர்காரரின் மனைவி வாளியோடு ஓடிவந்து, வரிசையின் நீளத்தைப் பார்த்து, ஆண்கள் பக்கத்துக் கதவுக்குள் விறுவிறுவென்று நுழைந்து தாழ் போட்டுக்கொண்டாள். ஆண்கள் ஒருவரும் எதிர்க்கவில்லை.

அந்த அம்மாள் காரில் ஏறவில்லை. வாசலுக்குத் திரும்பி வந்து நின்றார். தரை முழுக்கக் கால்தடம், சோப்பு நுரை, சேறு. வரிசையாக இருந்த குவளைகளில் ஒன்று படியில் உருண்டு வந்தது. அதைக் குனிந்து எடுத்து அவரே உள்ளே வைத்தார். சாவியக்காவிடம் வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நானும் போகலாமா? காலையில கிளம்பினது. போன இடத்துல எல்லாம் போற மாதிரி இல்லை."

கைகழுவிக்கொண்டிருந்த நாத்தனார் முந்திக்கொண்டாள். வயிறு இறங்கியதும் அவள் நாக்கு பழையபடி ஏறிவிட்டது. "போகலாம்மா. ஆனா வரிசையில வாங்க. இங்க பெரியவங்க சின்னவங்க கிடையாது, முன்னாடி வந்தவங்க பின்னாடி வந்தவங்கதான்."

மேற்பார்வையாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். அந்த அம்மாள் மறுபேச்சுப் பேசாமல் கடைசியில் போய் நின்றார். முன்னால் நின்ற பெண் தன் வாளியை அவர் பக்கம் நகர்த்தி, "உள்ள குழாய் கொஞ்சம் மெதுவா வரும். இதுல பிடிச்சுக்கிட்டுப் போங்க" என்றாள்.

அவர் வெளியே வந்தபோது முகம் பத்து வயது இறங்கியிருந்தது. மேடையில் நின்று, எழுத்து அழிந்த சோப்பால் கை கழுவினார்.

"நான் எழுதிடறேன்" என்றார் சாவியக்காவிடம். "பாதி இல்லை, முழுசா. மோட்டார், லாரி, கரண்ட், சோப்பு எல்லாத்துக்கும். நான் எழுதினா நிறுத்த மாட்டாங்க. இன்னொரு தடவை மட்டும் பூட்டாதீங்க."

"கழுவுற ஆளுக்கு?" என்றாள் நாத்தனார்.

"அது எங்க கணக்குல வராது. ஜனங்கதான் பார்த்துக்கணும்."

நாத்தனார் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சாவியக்கா அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். கிடைத்தது போதும் என்று அந்த அழுத்தலுக்கு அர்த்தம். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். கிடங்குச் சுவரும் லாரி விளக்கும் ஒரு வருஷத்துக்குத் தள்ளிப்போயின. இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்தாள். கை முழுக்க ஆசிட் நாற்றம். அதுகூட நன்றாகத்தான் இருந்தது. மேற்பார்வையாளர் பக்கத்துப் படியில் உட்கார்ந்து, குழாய் துடைத்த கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"உன்னால என் உயிரே போய்ட்டு வந்துச்சும்மா."

"வந்துடுச்சுல்ல சார். விடுங்க."

இளைஞர்தான் சங்கடப்பட்டார். "மேடம், நான் படம் எடுக்கலையே. எல்லாம் சட்டுனு நடந்துடுச்சு. மேலிடத்துல நீங்க எழுதுறதைவிடப் படத்தைத்தான் பார்ப்பாங்க." அவர் பெண்கள் பக்கம் திரும்பினார். "அக்கா, எல்லாரும் இன்னொரு தடவை வரிசையில நில்லுங்களேன். முதல்ல நின்ன மாதிரியே."

"எதுக்கு தம்பி? வந்த வேலைதான் முடிஞ்சுடுச்சே."

"சும்மா நின்னா போதும்."

நின்றார்கள். பணம் வரும் என்றால் நிற்பதற்கென்ன. ஆனால் வயிறு இலேசாகிவிட்டது, முகத்தில் அவசரம் எங்கிருந்து வரும்? ஒருத்தி முதுகில் ஒருத்தி இடித்துச் சிரித்தார்கள். வெறும் வாளியை இடுப்பில் வைத்து ஒருத்தி அபிநயம் பிடித்தாள்.

"சிரிக்காதீங்கக்கா. கொஞ்சம் கஷ்டப்படுற மாதிரி இருக்கணும்."

"கஷ்டப்படுற மாதிரியா? அது எங்களுக்கு நடிக்க வராது தம்பி" என்றாள் நாத்தனார். வரிசை மறுபடி குலுங்கியது.

அந்தச் சமயத்தில்தான் இன்னொரு பெண் தெருவுக்குள் வந்தாள். தெருவைத் தாண்டிய பெரிய வீடுகளில் வேலை செய்கிறவள். மூன்று வீட்டில் குளியலறையும் கழிப்பறையும் கழுவுவாள். அதில் ஒன்றைக்கூட அவள் உபயோகிக்க விட்டதில்லை. அதனால் இருட்டோடு கிளம்பினால் திரும்பி வந்துதான். வேர்த்து, கண் இடுங்கி, குறுகிக் குறுகி நடந்து வந்தாள். வரிசையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"அவங்க முகம் நல்லா இருக்கு" என்றார் இளைஞர். "அந்தக்காவை முன்னாடி விடுங்க."

வரிசை விலகி வழிவிட்டது. அவள் யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல், வந்த வேகத்திலேயே முன்னால் போய், திறந்திருந்த கதவின் படியில் ஒரு காலை வைத்தாள்.

"உள்ள போயிடாதீங்கக்கா. அங்கேயே நில்லுங்க. இந்தப் பக்கம் பாருங்க."

அவள் கதவைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தாள்.

"அப்படியே. அசையாதீங்க. இன்னும் ஒண்ணு."